சொதியும் குறுக்கும்

அத்தியாயம் 14

போனக்காடு எஸ்டேட்டிலிருந்து வந்த அந்தத் தபால் கார்டைக் கரமனையில் எத்தனை பேர் படித்தார்கள் என்று கேட்டால், தபால்காரரில் தொடங்கிப் பெரிய பட்டியலே போடலாம். கார்டு என்பதே நாலு பேர் படிப்பதற்குத்தான். மறைக்க நினைப்பவர்கள் கவர் வாங்கி ஒட்ட வேண்டும். பகவதிப்பெருமாளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. 'ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன். புண் ஆறிவிட்டதா?' என்று மனைவி முத்தாரம்மாளுக்குப் பட்டவர்த்தனமாக எழுதிப் போட்டுவிட்டார்.

என்ன புண்? எங்கே புண்? தெரு இரண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டது. முத்தாரம்மாளோ கார்டை அடுப்பில் போட்டுவிட்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, தம்பி பிள்ளைக்குக் குறுக்கு கிளறப் போய்விட்டாள். போன வாரம் அந்த அடுப்படியில்தான் நாம் விடைபெற்றோம்.

இப்போது ஞாயிறு விடிந்துவிட்டது.

ஜெயலக்ஷ்மிக்கு மைனியின் புண்ணைப் பற்றிக் கவலையில்லை. மைனி என்று அவள் அழைப்பது புருஷன் நீலகண்டனின் அக்காள் முத்தாரம்மாளை. மைனிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கணவர் மலைமேல் தேயிலைக்குக் காவல். ஆகவே தம்பி வீட்டு அடுப்படியே அந்த அம்மாளின் ராஜ்யம். அந்த ராஜ்யத்தில் இரண்டரை வருஷமாக ஆறாத புண் ஒன்று ஜெயலக்ஷ்மியிடமும் இருக்கிறது. அதற்குப் பெயர் 'குறுக்கு'.

திருநெல்வேலிக்காரர்களுக்குக் குறுக்கு என்றால் இடுப்பு. 'குறுக்கு வலிக்குது' என்று உட்காருவார்கள். கல்யாணத்துக்கு மறுநாள், திருநெல்வேலியில் ஜெயலக்ஷ்மியின் பிறந்த வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து. நாற்பது இலை. தேங்காய்ப்பாலில் காய்கறி வெந்த அந்தச் சொதியைப் புதுப்பெண்ணே கையில் வாளியெடுத்துப் பரிமாறினாள். முத்தாரம்மாள் ஒரு வாய் வைத்து, நிமிர்ந்து பார்த்து, "குறுக்கு கொள்ளாம், கேட்டியளா!" என்றாள் உரக்க.

கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று பெண் வீட்டாருக்கு முன்னமே தெரியும். நாத்தனார் பெண்ணின் இடுப்பழகை மெச்சுகிறாள் என்று பூரித்துப் போனார்கள். ஜெயலக்ஷ்மி காது மடல் சிவக்க, "எல்லாம் உங்க ஆசீர்வாதம் மைனி" என்றாள்.

மாப்பிள்ளை வீட்டுப் பந்தி குலுங்கிச் சிரித்தது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

புகுந்த ஊரான கரமனைக்கு வந்து மூன்றாம் மாதம்தான் புரிந்தது. இந்த ஊரில் குறுக்கு என்பது, வாழைக்காயைச் சீவிக் காயவைத்து இடித்து, துணியில் சலித்து, பல் முளைக்காத பிள்ளைக்குக் காய்ச்சுகிற கூழ். அம்மா விடியற்காலையில் எழுந்து மூன்று பாலும் பிழிந்து வைத்த சொதியைத்தான் மைனி பொக்கைவாய்க் கூழ் என்றிருக்கிறாள்!

திட்டினதைக்கூட மறந்துவிடலாம். திட்டினவளுக்கு நன்றி சொல்லி, கூடவே சிரித்தும் வைத்ததை எப்படி மறப்பது? அன்றைக்கே ஜெயலக்ஷ்மி மனசுக்குள் கறுவிக்கொண்டாள். மைனி வாயாலேயே அந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க வைக்க வேண்டும். அதுவரை அந்தப் பந்திச் சிரிப்பு அவள் காதில் ஓயப்போவதில்லை.

பழி தீர்க்க ஆயுதமாக வந்து பிறந்தான் தாணுமாலயன்.

தாணுவுக்கு இப்போது பதினொன்றரை மாதம். மேலும் கீழுமாக முன்வாயில் ஆறு பல். ஆறாம் மாதமே கோயிலில் சோறூட்டியாயிற்று. ஆனால் அன்று நாக்கில் தொட்ட நாலு பருக்கையோடு சரி. வருஷம் திரும்புகிறவரை குறுக்குத்தான், அதுவும் துணியில் இரண்டு தரம் சலித்த பொடியில்தான் என்பது முத்தாரம்மாளின் சட்டம். அவள் சட்டம் போட்டால் மறுபேச்சு இல்லை. ஏனென்றால் பல் விஷயத்தில் அந்தத் தெருவுக்கே அவள்தான் நீதிபதி.

கேலியில்லை. கல்யாண வீட்டில் முறுக்கு சுட்டால் முதல் ஈடு முத்தாரம்மாளுக்கு வரும். எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். அவள் கடைவாயில் வைத்துக் கடிப்பாள். 'கடுக்' என்று சத்தம் வந்தால் பாகம் சரி. சத்தம் அமுங்கினால் மாவு முழுவதும் வீண். சுட்டவள் ஒரு வாரம் தெருவில் தலைகாட்ட முடியாது. இந்த ஆடியில் கல்யாணங்கள் இல்லாததால் நீதிமன்றத்துக்கு விடுமுறை. ஆவணி பிறந்து நாலு நாள்தான் ஆகிறது.

ஜெயலக்ஷ்மி மூன்று வாரமாக ரகசியமாகப் பிள்ளையைத் தயார் செய்துகொண்டிருந்தாள். மைனி மதியம் கண்ணயரும் நேரம், கிணற்றடி மதிலோரம். மதிலுக்கு அப்பால் எலிசாள் சிஸ்டர் வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸ், குழித்துறைப் பக்கத்துக்காரி. அவள்தான் குரு.

முதல் வாரம் பருப்பும் சோறும் விரலால் நசுக்கி, களிம்பு போல. தாணு முகத்தைச் சுளித்துத் துப்பினான். இரண்டாம் வாரம் கொஞ்சம் கரகரப்பாக. மூன்றாம் வாரம் வெந்த உருளைக்கிழங்கு, குன்றிமணி அளவு கட்டி. தொண்டையில் பட்டதும் ஓங்கரித்துக் கண்ணைப் பிதுக்கினான். ஜெயலக்ஷ்மி அலறப் போனாள்.

"பயப்படாத பிள்ளே," என்றாள் எலிசாள் மதில்மேல் முகவாயை வைத்தபடி. "சத்தம் வருதுல்லா? சத்தம் வந்தா மூச்சு இருக்கு, அவனே வெளிய தள்ளிருவான். சத்தமே இல்லாம முழிச்சாத்தான் பயப்படணும்."

"கடைவாய்ப் பல்லு இல்லியே சிஸ்டர், எப்படி மெல்லுவான்?"

"ஈறு இருக்குல்லா? அது சின்ன அம்மியாக்கும். முன்பல்லு நறுக்கும், ஈறு அரைக்கும். நீ மட்டும் பக்கத்துல இருந்து கண்ணெடுக்காம பாரு."

அப்படியே ஆயிற்று. மதியம் வயிறு நிறைந்த தாணு, மாலையில் மைனியின் குறுக்கைப் பாதிக்கு மேல் தொடுவதில்லை. இதில் ஒரு விசித்திரம். கிண்ணத்தில் மிஞ்சுகிறது, ஆனால் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் கிண்ணமும் பானையும் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். வீட்டில் பூனை கிடையாது. மாடும் கிடையாது. மைனி யாருக்குக் கொட்டுகிறாளோ என்று நினைத்து ஜெயலக்ஷ்மி அதை விட்டுவிட்டாள். பழி ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்குப் பானையைப் பற்றி யோசிக்க நேரமேது?

மதியம் ஒரு மணிக்குப் பகவதிப்பெருமாள் வந்து சேர்ந்தார். மலைக் குளிருக்குப் போட்ட கம்பளி மப்ளரை மலையடிவாரத்து விதுரா தாண்டியும் கழற்றாமல் வந்திருந்தார். கையில் தேயிலைப் பொட்டலம்.

"என்ன வாசனை இது! சொதியா?" என்றார் வாசலிலேயே.

"ஜெயாதான் இன்னைக்குச் சமையல் அத்தான்," என்றான் நீலகண்டன். ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் தலைமை ஆபீசில் குமாஸ்தா. மாகாண எல்லை பிரிக்கும் கமிஷன் நாகர்கோயிலைத் தமிழ்ப் பக்கம் வெட்டுமா மலையாளப் பக்கமா என்று மூன்று பத்திரிகை படித்துச் சொல்லுவான். சொந்த அடுப்படியில் ஓடுகிற எல்லைக்கோடு மட்டும் அவன் கண்ணில் பட்டதில்லை.

இலை போட்டாயிற்று. சொதி, இஞ்சித் துவையல், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல். நீலகண்டன் இலைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இன்னொரு இலை நறுக்கையும் ஜெயலக்ஷ்மி போட்டாள்.

"இது ஆருக்கு?" என்றாள் முத்தாரம்மாள். மடியில் தாணு, கையில் வெள்ளிக் கிண்ணம்.

"ஆள் வரும் மைனி."

முத்தாரம்மாள் அதைச் சட்டை செய்யாமல் கரண்டியை நீட்டினாள். "ஆ காட்டு மக்கா. அத்தைக்க பொன்னு அல்லே."

தாணு உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"ஆ காட்டு."

கிண்ணத்தை ஒரு தட்டு. குறுக்கு முழுவதும் முத்தாரம்மாளின் புடவையில். தாணு மடியிலிருந்து சறுக்கி இறங்கி, தவழ்ந்து, இலை நறுக்குக்கு முன்னால் வந்து உட்கார்ந்து அதைப் படபடவென்று தட்டினான்.

"அட, குடும்பத்துக்குப் பெரியவரு, சின்னக் காரணவர் பந்திக்கு வந்தாச்சு!" என்று சிரித்தார் பகவதிப்பெருமாள்.

பச்சைமிளகாய் போடாமல் தனியாக எடுத்து வைத்திருந்த சொதியிலிருந்து உருளைக்கிழங்கு, காரட், குழைந்த பருப்புச் சோறு என்று ஜெயலக்ஷ்மி வைத்தாள். ஒரு பருக்கை சிந்தவில்லை. இரண்டரை வருஷ ஒத்திகை.

தாணு கிழங்கை எடுத்தான், கடித்தான். தாடை அசைந்தது. பிறகு சட்டென்று ஓங்கரித்தான்.

"ஐயோ, தொண்டையில அடைச்சாச்சு! எடு, எடு பிள்ளையை!" முத்தாரம்மாள் பாய்ந்தாள்.

"தொடாதீங்க மைனி." ஜெயலக்ஷ்மி குழந்தையின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் குறுக்கே நீட்டினாள். "சத்தம் வருதுல்லா? கொஞ்சம் பொறுங்க."

கட்டி நாக்கு நுனிக்கு வந்தது. தாணு அதைத் திரும்பவும் உள்ளே இழுத்து, ஈறால் அரைத்து, விழுங்கினான். விழுங்கிவிட்டு இலையைத் தட்டினான். இன்னும் கொண்டா என்று அர்த்தம்.

"சபாஷ்!" என்றான் நீலகண்டன். "அக்கா, இனி குறுக்கு காய்ச்சாண்டாம். டப்பாவைத் தூக்கிப் பரண்ல வெச்சிரு."

"ராத்திரிக்கு மட்டும் கொஞ்சம்..." என்றாள் முத்தாரம்மாள். "கொச்சு பிள்ளை அல்லே."

"ஒரு வேளையும் வேண்டாம் மைனி," என்றாள் ஜெயலக்ஷ்மி, தேனாக. "அந்தப் பானை இனி அடுப்புல ஏறாது."

சொல்லிவிட்டு மைனியின் முகத்தைப் பார்த்தாள். கோபத்தை எதிர்பார்த்துத்தான் பார்த்தாள். அங்கே இருந்தது கோபமில்லை. பயம். சாப்பாட்டுக்கு வழியில்லை என்று கேட்ட மனுஷியின் பயம்.

"அப்படி ஒரேயடியா நிறுத்தாண்டாம் தங்கச்சி," என்று பதறினார் பகவதிப்பெருமாள். "பொறவு அவ என்னத்தைக்..." முத்தாரம்மாள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மீதியை அவர் அப்பளத்தோடு சேர்த்து நொறுக்கி விழுங்கினார்.

ஆண்கள் சாப்பிட்டுச் சாய்ந்தார்கள். தாணு தூளியில். ஜெயலக்ஷ்மி இரண்டு இலை போட்டாள்.

"எனக்கு வேண்டாம். ஞாயித்துக்கிழமை விரதம்," என்றாள் முத்தாரம்மாள்.

ஆடி முழுக்க 'நீ உண்ணு, நான் பொறவு' என்று பிந்தித் தனியாக உட்கார்ந்தவளுக்கு, போன ஞாயிறு இல்லாத விரதம்! ஜெயலக்ஷ்மி தனியே சாப்பிட்டு எழுந்தாள். ஜெயித்த சாப்பாடு ருசிக்கத்தான் வேண்டும். ஏனோ அந்தப் பயந்த முகம் கூடவே வந்து இலையில் உட்கார்ந்துகொண்டிருந்தது. சரி, பானையையாவது கழுவிக் கவிழ்த்து வெற்றியை முழுசாக்குவோம் என்று பின்கட்டுக்குப் போனாள்.

அம்மிக்குப் பின்னால், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள் முத்தாரம்மாள். மடியில் பானை. கையில் தாணுவின் கரண்டி.

"மைனி!"

கரண்டி விழுந்தது. வாய் நிறையக் குறுக்கு. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் முழித்தாள்.

ஜெயலக்ஷ்மி எதிரே குந்தினாள். பூனையில்லாத வீட்டில் காலியான கிண்ணம், தபால் கார்டு, விரதம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"வாயைத் திறங்க."

"போ பிள்ளே அந்தப் பக்கம்."

"திறங்க மைனி. தாணுவே திறக்கான்."

முத்தாரம்மாள் விழுங்கிவிட்டுத் திறந்தாள். முன்னால் வரிசை கெடாத பல். அதற்குப் பின்னால் இரண்டு பக்கமும் வெறும் ஈறு. நீதிபதியின் கடைவாயில் ஒன்றுகூட இல்லை.

"எப்போ?"

"ஆடி பிறந்த உடனே. சுசீந்திரத்துக்குப் போறேன்னு மூணு நாள் போனேன்லா. நாகர்கோயில்ல பல் டாக்டரிட்ட. மலையில இருந்து எங்க வீட்டுக்காரரும் வந்திருந்தாரு. எல்லாம் சொத்தை. ஒண்ணா எடுத்தாச்சு." குரல் தழைந்தது. "யாரிட்டயும் சொல்லாத ஜெயா. இனி ஒருத்தியும் என்னை மதிக்க மாட்டா."

"அப்போ இத்தனை நாளும் குறுக்கு..."

"குஞ்ஞுக்குள்ளதுல பாதி. எனக்குன்னு தனியா காய்ச்சினா கேப்பீங்க அல்லே?"

ஜெயலக்ஷ்மிக்கு இரக்கம் வரப் பார்த்தது. வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பினாள்.

"உங்களுக்குப் பல்லு போச்சுன்னு என் பிள்ளைக்கு வந்த பல்லை வேலையில்லாம வெச்சியளா? அவன் சோத்தைப் பார்த்து அழுதப்பவும் இந்தக் கூழைத்தான ஊத்துனிய?"

முத்தாரம்மாள் தலையைக் குனிந்தாள். அந்தத் தலை குனிந்து யாரும் பார்த்ததில்லை.

ஜெயலக்ஷ்மி எழுந்து போய் ஒரு இலை நறுக்கோடு வந்தாள். சின்னது, தாணுவுக்குப் போட்ட அதே அளவு. சோற்றைப் போட்டு, சொதியை ஊற்றி, கிழங்கையும் காரட்டையும் விரலால் நசுக்கினாள். களிம்பாக இல்லை, குன்றிமணி அளவு கட்டி விட்டு.

"ஆ காட்டுங்க மைனி."

"நானே தின்னுவேன்."

"ஆ காட்டுங்க. முன்பல்லு நறுக்கும், ஈறு அரைக்கும். உங்களுக்கும் தாணுவுக்கும் ஒரே வாய்தான் இப்போ."

வேறு வழியில்லை. முத்தாரம்மாள் வாயைத் திறந்தாள். மென்றாள். ஒரு மாதத்துக்கு மேல் உப்பும் இஞ்சியும் படாத நாக்கு. கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அது அவமானமா, ருசியா என்று பிரிக்க முடியாதபடி அடுத்த வாய்க்கு முகம் தானாக முன்னால் வந்தது. மூன்று வாய், நாலு வாய், ஏழு வாய்.

"எப்படி இருக்கு?"

"...கொள்ளாம்."

"எது கொள்ளாம்?"

"சொதி."

"குறுக்கு இல்லியா?"

முத்தாரம்மாள் மெல்லுவதை நிறுத்தினாள்.

"அன்னைக்கு உங்க ஆசீர்வாதம்னு சொன்னேனே மைனி. உங்களோட சேர்ந்து சிரிச்சேனே. ஞாபகம் இருக்கா?"

"அது சும்மா விளையாட்டுக்கு..."

"நாப்பது இலையில விளையாட்டு." ஜெயலக்ஷ்மி அடுத்த உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டாள், ஊட்டவில்லை. "அடுத்த வாரம் வியாழக்கிழமை தாணு பிறந்தநாள். அதே ஆளுங்க, அதே நாப்பது இலை. நடுப்பந்தியில நின்னு, அன்னைக்கு நான் குறுக்குன்னு சொன்னது தப்பு, இது சொதி, இதுக்கு ஈடு இல்லைன்னு நீங்க உரக்கச் சொல்லணும். எங்கம்மாவும் வருவா. அவ காதுல விழணும்."

"சொல்லேல்லன்னா?"

"உங்க இலையில முதல்ல சீடை விழும். நானே போடுவேன். எல்லாரையும் சத்தம் கேக்கச் சொல்லுவேன்."

முத்தாரம்மாள் அவளை வெகுநேரம் பார்த்தாள். முதல் தடவையாக, ஆளை அளந்து பார்க்கிற பார்வை.

"நீ ஆளு கொள்ளாமே," என்றாள் கடைசியில்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வளையல் சத்தம்.

"முத்தாரம்மா! உறக்கமா?" அடுத்த வீட்டுச் சிவகாமியம்மாள். வருகிற முகூர்த்தத்தில் மகளுக்குக் கல்யாணம். கூட இரண்டு பெண்கள், கையில் மூடிய தட்டு. "முதல் ஈடு எடுத்தாச்சு. நீ கடிச்சுச் சொன்னாத்தான் மாவு முழுக்கப் பிழியணும்னு வந்தேன்."

முத்தாரம்மாளின் கை ஜெயலக்ஷ்மியின் முந்தானையைப் பிடித்தது. பிடித்துக்கொண்டே இருந்தது.

ஜெயலக்ஷ்மி ஒரு கணம் நின்றாள். இப்போதே கதவைத் திறந்து விட்டுவிடலாம். பொழுது சாய்வதற்குள் கரமனை முழுவதும், மறுநாள் சாலைக் கடைத்தெரு வரைக்கும் செய்தி போய்விடும். ஆனால் இன்றைக்கே எல்லாம் தீர்ந்துவிட்டால் வியாழக்கிழமைக்கு என்ன மிச்சம்? பிள்ளைக்கு ஊட்டிப் படித்த பாடம் இருக்கிறதே: ஒரே வாயில் திணித்தால் அடைக்கும். குன்றிமணி அளவாகத்தான் கொடுக்க வேண்டும்.

முன்னால் போய்த் தட்டை வாங்கினாள். "வெள்ளம் குடிச்சிட்டு வாராங்க பெரியம்மா" என்றபடி உள்ளே வந்தவள், மைனி கையில் ஒரு முறுக்கைக் கொடுத்தாள். இன்னொன்று தன் முந்தானைக்குள். நடைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

முத்தாரம்மாள் நிலைப்படியில் வந்து நின்றாள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். முறுக்கைக் கடைவாய்ப் பக்கம் கொண்டுபோய், கையால் வாயைப் பொத்தினாள்.

'கடுக்!'

கதவுக்குப் பின்னால் ஜெயலக்ஷ்மி கடித்தாள். நல்ல முறுக்கு. பாகம் சரியாகத்தான் இருந்தது.

"பாகம் சரி," என்றாள் முத்தாரம்மாள், கடிக்காத முறுக்கை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு. "உப்பு மட்டும் ஒரு நுள்ளு கூட்டணும்." நீதிபதி என்றால் நீதிபதிதான், தொடாத முறுக்கிலும் குற்றம் கண்டுபிடித்தாள்.

சிவகாமியம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள். தட்டை வாங்கத் திரும்பியவள் அப்படியே நின்றாள்.

தூளியில் விழித்துக்கொண்ட சின்னக் காரணவர் யார் கண்ணிலும் படாமல் இறங்கியிருக்கிறார். கதவுக்குப் பின்னாலிருந்து தவழ்ந்து வந்தார். ஜெயலக்ஷ்மி பதற்றத்தில் நழுவவிட்ட பாதி முறுக்கு அவர் கையில் இருந்தது. கூழைத் துறந்த உற்சாகத்தில் அதை ஆறு பல்லாலும் சுரண்டிக்கொண்டே நடு நடையில் வந்து உட்கார்ந்தார்.

சிவகாமியம்மாள் பாதி முறுக்கைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் தெரிந்த புடவை ஓரத்தைப் பார்த்தாள். பிறகு முத்தாரம்மாளின் மூடிய கையைப் பார்த்தாள்.

"முத்தாரம்மா," என்றாள் மெதுவாக, "அந்தக் கையை ஒண்ணு விரிச்சுக் காட்டு, பாப்போம்."